குடை வேணாம்

பூபாலன் அண்ணன் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். திருக்கழுக்குன்றத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் பெண்களை ஏற்றி, செங்கல்பட்டு வழியாக மறைமலைநகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இறக்குவார். ஷிப்ட் முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடுவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் வேறு ஆள். 'பேய்மழை' என்ற ஹெவி மெட்டல் குழுவின் பாடகர். நான் அவருடைய சித்தப்பா மகள் ரூத். அந்தக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறேன். சர்ச்சில் வாசிக்கிற பெண் பேய் பெயர் வைத்த கூட்டத்தில் இருக்கலாமா என்று எங்கள் பாஸ்டருக்கு இன்னும் மனத்தாங்கல் உண்டு.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஹெவி மெட்டல் என்றால் கிட்டார் அலறும், டிரம்ஸ் நெஞ்சில் இடிக்கும், பாடுகிறவர் அடித்தொண்டையிலிருந்து உறுமுவார். வார்த்தை புரியாது, கோபம் புரியும். மாமல்லபுரத்துக்கு டூரிஸ்ட் வேன் ஓட்டிய காலத்தில், யாரோ ஒரு வெள்ளைக்காரப் பையன் வண்டியில் விட்டுப்போன சி.டி.யில்தான் அண்ணன் அதை முதலில் கேட்டார். வண்டியை ஓரங்கட்டிவிட்டு முழுவதும் கேட்டாராம். நமக்குள் இருக்கிறதை எவனோ கத்துகிறானே என்று இருந்ததாம்.

அவருக்குள் இருந்தது எனக்கும் தெரிந்ததுதான். பெரியப்பா சின்னராசு அடுத்தவர் நிலத்தில் உழைத்தவர். கூலி வாங்கப் போனால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலுக்கு வெளியே நிற்பார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அண்ணனும் நின்றிருக்கிறார். எங்கள் முதல் ஆல்பமும் அதன் தலைப்புப் பாட்டுமான 'வாசல்' அந்த நிற்றலைப் பற்றியது. சென்னையிலும் பெங்களூரிலும் கறுப்பு டீ-ஷர்ட் பையன்கள் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

கிட்டார் தமிழ்வாணன். செங்கல்பட்டில் அவன் வீட்டு மாடிதான் எங்கள் ஸ்டூடியோ, மைக்கும் கம்ப்யூட்டரும் அவனுடையவை. நிலம் நீச்சோடு வாழ்ந்த குடும்பம். அதை அவன் ஒருநாளும் பெருமையடித்ததில்லை. ஆனால் 'வாசல்' வாசிக்கும்போது மட்டும் எங்களைவிட இறுக்கமாகக் கண்ணை மூடிக்கொள்வான். பேஸ் கிட்டார் ரோஹித், யார் என்ன சொன்னாலும் தலையாட்டுகிற ஜாதி.

பிரச்சினை பஸ்ஸில் ஆரம்பித்தது. கம்பெனி பஸ்ஸுக்கு ஒரு வழக்கம் உண்டு. விடியற்காலைப் போகும்போது பாட்டு கூடாது, எல்லோரும் தூங்குவார்கள். திரும்பும்போது பாட்டு இல்லையென்றால் டிரைவரைத் தொலைத்துவிடுவார்கள். ஒருநாள் திரும்பும் வழியில் அண்ணன் ஆசையாக 'வாசல்' போட்டிருக்கிறார். பஸ் அமைதியாகிவிட்டது. கொஞ்ச நேரம் பொறுத்து கீர்த்தனா என்ற பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். எட்டு மணி நேரம் நின்றபடி வேலை செய்துவிட்டு வருகிறவள்.

"அண்ணா, இது நீங்க பாடனதா? நல்லாத்தான் கீது. ஆனா இதுல நாங்க எங்க பாடறது?"

அந்த ஞாயிறு இதை அண்ணன் என்னிடம் சொன்னபோது நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அதன்பிறகு அவர் போட்ட மெட்டுகளே வேறு. கிட்டார் கனமாகத்தான் இருக்கும், டிரம்ஸ் மிதிக்கிற என் கால் இரண்டுக்கும் வேலை இருக்கும். ஆனால் நடுவில் கைதட்டு வரும், பாத்திரம் துலக்கும்போது தானாக வாயில் வருகிற மாதிரி ஒரு பல்லவி வரும். ஒவ்வொரு பாட்டையும் செல்போனில் பதிந்து பஸ்ஸில் போட்டுப் பார்ப்பார். சிங்கப்பெருமாள்கோயில் தாண்டுவதற்குள் கடைசி சீட்டு கூடப் பாடவில்லை என்றால் அந்தப் பாட்டைத் தூக்கிப் போட்டுவிடுவார். அப்படித் தேறிய பாட்டுகள் சேர்ந்து ஒரு ஆல்பம் ஆயிற்று. பேய்மழைக்காரர்களின் ஆல்பத்துக்கு அவர் வைத்த பெயர் 'குடை வேணாம்'.

தமிழ்வாணன் எல்லாவற்றையும் பதிவுசெய்து கொடுத்தான். கடைசிப் பாட்டு முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, இது மெட்டல் இல்லை, கல்யாண வீட்டுப் பாட்டு என்றான். நம்மை நம்பி வந்தவர்கள் காறித் துப்புவார்கள் என்றான். உங்கப்பா நின்ற வாசலை மறந்துவிட்டாயா மச்சான் என்று கேட்டான். அதை மட்டும் அவன் கேட்டிருக்கக் கூடாது. என் கையில் இருந்த குச்சியை அவன் மேல் எறிந்திருப்பேன். அண்ணன் என்னைப் பார்வையாலேயே அடக்கினார்.

"மறக்கல மச்சான்," என்றார். "அந்த வாசல்ல நின்னது நானு. அங்கியே நின்னுகினு கத்திகினே இருக்கணும்னு நீ சொல்ற. எங்களுக்குச் சிரிச்சிகினு பாடவும் ஆசை இருக்காதா?"

தமிழ்வாணன் கம்ப்யூட்டரை அணைத்தான். இரண்டு வாரம் கழித்து ஒரு முடிவோடு வந்தான். சென்னைக்குப் பக்கத்தில் கோவளத்தில் ஒரு லாட்ஜ் முற்றத்தில் எங்கள் கச்சேரி இருந்தது. அங்கே புதுப் பாட்டுகளை வாசிப்போம். கூட்டம் ஏற்றுக்கொண்டால் பேய்மழை பெயரில் ஆல்பம் வரும். இல்லையென்றால் எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும், பழையபடி 'வாசல்' மாதிரியே அடுத்தது. அண்ணன் சரி என்றார். ரோஹித் தலையாட்டினான். அன்றே அண்ணன் பஸ்ஸில் எல்லோரையும் கோவளத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்.

அன்று கூட்டம் நன்றாக வந்திருந்தது, எல்லாம் கறுப்பு டீ-ஷர்ட். பழைய பாட்டுகளுக்கு முற்றமே குலுங்கியது. பிறகு புதுப் பாட்டு ஒன்றை எடுத்தோம். உயர்ந்திருந்த கைகள் இறங்கின. இரண்டாவது பாட்டில் பலர் கையைக் கட்டிக்கொண்டார்கள். எவனோ ஒருத்தன், சினிமாவுக்குப் போயிடுங்க என்று கத்தினான். அண்ணன் குரல் ஒருதரம் தடுமாறியதை நான் கேட்டேன். அவர் அடிக்கடி கேட் பக்கம் பார்த்தார். பஸ் பெண்கள் வரவில்லை. ஆத்திரத்தில் அடித்த அடியில் ஒரு குச்சி முறிந்தது.

போதும் என்பதுபோல் தமிழ்வாணன் என்னைப் பார்த்தான். புதுப் பாட்டில் மிச்சம் இருந்தவற்றை விட்டுவிட்டு 'வாசல்' எடுக்கச் சொன்னான். கையை உயர்த்தி, கூட்டத்தை நடுவில் பிளக்கச் சொல்லிச் சைகை காட்டினான். மெட்டல் கூட்டத்தில் இது ஒரு முறை. கூட்டம் இரண்டு பக்கமும் ஒதுங்கி, நடுவில் பாதைபோல் வெறும் தரை விட்டு நிற்கும். பாட்டு வெடிக்கிற கணத்தில் இரண்டு பக்கமும் ஓடிவந்து நெஞ்சோடு நெஞ்சு மோதுவார்கள். அவர்களுக்கு அது ஆனந்தம். நான் ஒவ்வொரு தடவையும் கீழே விழுந்தவனை யாராவது தூக்குகிறார்களா என்று பார்ப்பேன்.

கூட்டம் பிளந்தது. நான் குச்சிகளைத் தூக்கினேன்.

அப்போதுதான் கேட்டில் கீர்த்தனா தெரிந்தாள். பின்னால் ஏழெட்டுப் பெண்கள், தலையில் பூ, தோளில் கைப்பை, ஒருத்தி இடுப்பில் குழந்தை. மாமல்லபுரம் போய் பஸ் மாறி வந்திருக்கிறார்கள், தாமதம். அவர்கள் கண்டது என்ன? தாங்கள் வந்த நேரம் கூட்டமே இரண்டாக விலகி, மேடைவரைக்கும் பாதை விட்டு நிற்கிறது. ஆடி மாதத்தில் அம்மன் முன்னால் ஆடிக்கொண்டு வருகிறவர்களுக்குத்தான் அவர்கள் ஊரில் இப்படி வழி விடுவார்கள். விட்ட வழியில் போகாமல் நிற்பது மரியாதை இல்லை. கொஞ்சம் கூச்சத்தோடு, இரண்டு பக்கமும் கும்பிடு போட்டுக்கொண்டே நடந்து வந்து, நட்டநடுவில் நின்றார்கள்.

கறுப்பு டீ-ஷர்ட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்வரிசைக்கு இது தெரியாது, அவர்கள் ஓடத் தயாராகக் குனிந்தாயிற்று. தமிழ்வாணன் கை தந்தியில் நின்றுவிட்டது. நான் நாலு தட்டு தட்டினால் போதும், நசுங்கிவிடுவார்கள்.

கீர்த்தனா அண்ணனைப் பார்த்துச் சிரித்தாள்.

"வழி வுட்டாங்க, வந்துட்டோம்ணா. நம்ம பாட்டு ஆயிடிச்சா?"

அண்ணன் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். அவர் முகம் தெளிந்திருந்தது.

"ரூத்து, குடை," என்றார்.

தமிழ்வாணனைக் கேட்கவில்லை. நான் மெதுவாகத் தாளம் கொடுத்தேன். 'குடை வேணாம், குடை வேணாம், நனைஞ்சிகினே போலாம் வா' என்று அண்ணன் எடுத்தார். அடுத்த வரியை அவர் பாட வேண்டியிருக்கவில்லை. அந்தப் பெண்கள் பாடினார்கள், பஸ்ஸில் பாடிப் பழகிய குரலில், கைப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைதட்டி. குழந்தையைக்கூட ஆட்டினார்கள். கறுப்பு டீ-ஷர்ட் ஒருவன் பக்கத்திலிருந்தவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஓடாமல் நடந்து உள்ளே வந்தான். பிறகு இன்னும் சிலர். எல்லோரும் வரவில்லை, பாதிக்கூட்டம் கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றது, கொஞ்சம் பேர் வெளியே போனார்கள். கிட்டார் இல்லாமலேயே முதல் சரணம் போயிற்று. இரண்டாவது பல்லவியில் அது வந்து சேர்ந்தது. நான் தமிழ்வாணனைப் பார்த்தேன். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு வாசித்தான்.

கச்சேரி முடிந்து வயர்களைச் சுருட்டினோம். பாதிப் பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றதை அண்ணனே சொன்னார், அழிப்பதென்றால் அழித்துவிடு என்றார். தமிழ்வாணன் கிட்டாரை உறையில் போட்டு, ஜிப்பை இழுத்து, மறுபடி திறந்து, மறுபடி இழுத்தான். பல்லவியைத் திரும்பப் பதிய வேண்டும், பெண்களை மாடிக்கு அழைத்துவர முடியுமா என்று கேட்டான். முடியாது, ஷிப்ட் இருக்கிறது, இந்த மாதம் ஞாயிறும் ஓவர்டைம் என்றார் அண்ணன். அப்படியானால் நான் பஸ்ஸுக்கு வருகிறேன் என்றான் அவன்.

வந்தான். சின்னராசு மகன் ஓட்டிய பஸ்ஸில், உட்கார இடமில்லாமல், மைக்கைப் பிடித்தபடி செங்கல்பட்டுவரை நின்றுகொண்டே வந்தான்.

ஆல்பம் சித்திரையில் வெளியானது. திட்டி எழுதியவர்கள் உண்டு. பழைய பேய்மழை செத்துவிட்டது என்று எழுதியவனுக்கு நானே நாலு வார்த்தை பதில் போட்டேன், அண்ணன் அழிக்கச் சொன்னதால் அழித்தேன். ஆனால் அந்தப் பல்லவி வரும் இடத்தைக் கவனித்துக் கேட்டால் ஒன்று தெரியும். பஸ் எஞ்சின் சத்தம் இருக்கும், பூபாலன் அண்ணன் குரல் இருக்காது. அந்த இடத்தில் அவர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்.