நாற்பது கவடு தள்ளி ஒரு டிரம்

பள்ளிக்கூடத்து பேண்ட் குழுவில் என்னைச் சேர்த்ததற்குக் காரணம் என் தாள ஞானம் அல்ல, என் உடம்பு. ஏழாம் வகுப்பில் பெரிய டிரம்மைத் தோளில் மாட்டிக்கொண்டு விழாமல் நடக்கக்கூடிய பிள்ளை நான் ஒருத்திதான். குழுவின் தலைவி என் ராத்தா. உயர்தர வகுப்பில் அவளுக்கு அது கடைசி வருடம். கோலைச் சுழற்றிக்கொண்டு அவள் முன்னால் நடந்தால் கல்முனைக் கடைத்தெருவில் சாமான் வாங்க வந்தவர்கள்கூடப் பையைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பார்கள். பின்னால் டிரம்மோடு தள்ளாடி வருவது தன் தங்கைதான் என்பதை அவள் யாரிடமும் பெரிதாகச் சொல்லிக்கொள்வதில்லை.

அந்த வருடம் போட்டிக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. முதல் சுற்றுக்குப் பிள்ளைகள் நேரில் வரத் தேவையில்லை, வாசிப்பை ஒலிப்பதிவு செய்து சீடியில் அனுப்பினால் போதும். பத்து நிமிடம், ஒரே மூச்சில். வெட்டி ஒட்டக் கூடாது. இசை மட்டும்தான் கேட்க வேண்டும். விசிலோ கட்டளைச் சத்தமோ கேட்டால் நிராகரிக்கப்படும். திங்கட்கிழமை கடைசி நாள். கடிதம் எங்கள் கைக்கு வந்தது வியாழக்கிழமை.

"நம்மட்ட என்ன சாமான் இரிக்கி? அடுத்த வருசம் பாப்பம்" என்றார் பேண்ட் டீச்சர்.

"இந்த வருசமே அனுப்புவம் டீச்சர். மைக்குக்கு நான் ஆள் கொண்டு வாறன்" என்றாள் ராத்தா.

அவள் கொண்டு வந்த ஆள் எங்கள் மாமா. கல்யாண வீடுகளுக்கு ஸ்பீக்கர் கட்டுவது அவர் தொழில். சத்தத்தை ஊரெல்லாம் அனுப்பத்தான் அவரிடம் சாமான் இருந்தது. பிடித்து வைக்க ஒரேயொரு மைக்கும் ஒரு பழைய லேப்டாப்பும் மட்டுமே. வெள்ளி பின்னேரம் பள்ளிக்கூட முற்றத்தில் வாசித்துப் பார்த்தோம். பதிவில் அக்கரைப்பற்று பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது. அதற்குமேல் என் டிரம் கேட்டது, யாரோ கதவை உடைப்பது போல. வாயால் ஊதி வாசிக்கிற பதினான்கு மெலோடிக்காக்களும் அதற்கடியில் எங்கேயோ புதைந்து கிடந்தன.

சனிக்கிழமை விடிந்ததும் மாமாவின் ஆட்டோவுக்குப் பின்னால் எல்லோரும் வயலோரத்து வெட்டை வெளிக்கு நடந்தோம். அது கச்சான் காற்று வீசும் காலம். எட்டு மணிக்கு மேல் மேற்கிலிருந்து அடிக்கத் தொடங்கினால் மைக்கில் காற்றைத் தவிர வேறொன்றும் ஏறாது. கையில் இருந்தது இரண்டு மணி நேரம்தான்.

மாமா மைக்கை நட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"மகள், நீ அங்கால போ. இன்னும் போ. இன்னும்."

நாற்பது கவடு எட்டி வைத்துப் போன பிறகுதான் நிறுத்தினார். மற்றவர்கள் எல்லோரும் மைக்கைச் சுற்றிக் கூட்டமாக நிற்க, நான் மட்டும் வரம்போரம் தனியாக நின்றேன். அழுகை வந்தது. டிரம் இரண்டு கையையும் பிடித்திருந்ததால் துடைக்க முடியவில்லை.

அழுதுகொண்டே அடித்தேன். ஆனால் எவ்வளவு கவனமாக அடித்தாலும் பதிவில் என் அடி பிந்தியே விழுந்தது. ராத்தா முறைத்தாள். மாமாதான் தூரத்து வயலைக் காட்டினார். அங்கே ஒருவர் வேலிக்குக் கட்டை அடித்து இறுக்கிக்கொண்டிருந்தார். சுத்தியல் இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. சத்தம் பிறகுதான் வந்தது.

"புள்ளயில பிழை இல்ல. இவக்கு நம்மட சத்தம் பிந்திப் போகுது, இவட சத்தம் நமக்குப் பிந்தி வருது. கேட்டு அடிக்கப்படாது, பாத்துத்தான் அடிக்கணும்."

"யாரப் பாத்து?" என்று கேட்டேன்.

ராத்தா கீழே கிடந்த கோலை எடுத்தாள். பிறகு, "என்னப் பாத்து" என்றாள்.

அதற்குள் காற்று எழும்பிவிட்டது. அன்று பின்னேரம் முழுவதும் எங்கள் வீட்டு வளவில் பயிற்சி நடந்தது. அவள் தன் காதில் கேட்கிற தாளத்துக்கு ஒரு இமைப்பொழுது முந்திக் கோலை இறக்க வேண்டும். ஒன்றைக் கேட்டுக்கொண்டு இன்னொன்றைக் காட்டுகிற வேலை அது. மாமா தகரத்தில் தாளம் தட்ட, அவள் பிழை விட்டாள், திரும்பச் செய்தாள், மறுபடி பிழை விட்டாள். உம்மா சாப்பிடக் கூப்பிட்டதற்கு, "வாறம் உம்மா, இன்னும் ஒருக்கா" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாளோ.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மறுபடி அதே வெட்டைக்கு வந்தோம். மாமா என் காது இரண்டிலும் பஞ்சு வைத்துவிட்டார். ராத்தா குழுவுக்கு முதுகைக் காட்டி என் பக்கம் திரும்பி நின்றாள். முதல் தடவை ஆறாவது நிமிடத்தில் ஆட்காட்டிக் குருவி ஒன்று தலைக்குமேல் கத்திக்கொண்டு பறந்தது. இரண்டாம் தடவை ஒருத்தி தும்மினாள். மூன்றாம் தடவை பிழை விட்டது நான்தான். வியர்வை கண்ணில் இறங்கி ஒரு அடியை விட்டுவிட்டேன். ஏச்சு விழும் என்று காத்திருந்தேன். அவள் நாற்பது கவடும் நடந்து வந்து, தன் முக்காட்டு நுனியால் என் முகத்தைத் துடைத்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

காற்று மெல்ல எழும்பத் தொடங்கியது. மாமா ஆட்டோ சீட்டின் பஞ்சைப் பிய்த்து மைக்கைச் சுற்றிக் கட்டினார். டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னும் ஒருக்கா" என்றாள் ராத்தா.

நான்காம் தடவை எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவளுடைய கை மட்டும் தெரிந்தது. வழக்கமாகத் தோளளவுக்கு உயர்த்துகிற கோலைத் தலைக்கு மேலே, கை நீளும் மட்டும் உயர்த்தி இறக்கினாள். பத்து நிமிடமும் ஒரு தடவைகூட அந்த உயரம் குறையவில்லை. முடிந்தபோது மாமா இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். பிள்ளைகள் துள்ளினார்கள். ராத்தா தண்ணீர்ப் போத்தலை இடது கையால் எடுத்துக் குடித்தாள். வலது கை பக்கத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பதிவு தெரிவானது. இறுதிச் சுற்று நேரில் நடந்தபோது ராத்தா பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தாள். வேறொரு பிள்ளை கோலைப் பிடித்தாள், எங்களுக்கு மூன்றாமிடம். இதெல்லாம் பிறகு. அன்று காலை எங்களுக்கு அவசரம் பதிவைக் கேட்பதில்தான். ஆட்டோவுக்குள் ஒரே இயர்போனை ஆளுக்காள் மாற்றிக் கேட்டோம். என் முறை வந்தது. பக்கத்தில் நின்று அடித்தது போல என் டிரம் சரியான இடத்தில் விழுந்துகொண்டிருந்தது. மெலோடிக்கா கேட்டது, சின்ன டிரம்கள் கேட்டன, தாளம் போட்ட பிள்ளையின் கடைசி 'ஜிங்' கூடக் கேட்டது.

"எல்லாரும் கேக்குது ராத்தா. ஒங்கடதான் ஒண்டும் கேக்கல்ல" என்றேன்.

மாமா லேப்டாப்பிலிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். ராத்தா என் காதிலிருந்து இயர்போனைக் கழற்றினாள்.

"கேக்காதுதான்" என்று சொல்லி, அதை அடுத்த பிள்ளையின் காதில் வைத்தாள்.

எப்போதும் எனக்கு ஒன்றுக்குப் பத்தாகப் பதில் சொல்லுகிறவள். ஒரு தடவையாவது அவளை வாயடைக்க வைத்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில், மாமா ஆட்டோவில் ஏற்றச் சொல்லியும் கேட்காமல், வீடு வரைக்கும் டிரம்மை நானே சுமந்துகொண்டு வந்தேன்.