தோள் அசைந்தால் அமுத்து

ரத்தக் கொதிப்பு ஏறியிருக்கிறது, தியானம் செய்யுங்கள் என்று எங்கள் கம்பெனி டாக்டர் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. அவர் ஏசி அறையில் உட்கார்ந்து சீட்டு எழுதுகிறவர். நான் ஓசூர் தொழிற்பேட்டையில் பத்தொன்பது வருஷமாக ஒரு பவர் பிரஸ் பக்கத்தில் நிற்கிறவன். இரும்புத் தகட்டை உள்ளே கொடுத்தால் ஒரே அடியில் வண்டிக்கான பிராக்கெட்டாகத் துப்பும் இயந்திரம் அது. அடி விழும்போது தரை நடுங்கும், டிபன் பாக்ஸ் மூடி தானாகக் கழன்றுகொள்ளும். அங்கே நிற்கிறவனிடம் மனசை அமைதியாக வைத்துக்கொள் என்றால் என்ன அர்த்தம்?

"மாத்திரை குடுத்தா போதாதா சார்?" என்றேன்.

"மாத்திரை அதிகமா வேணாம்னுதான் தியானம் சொல்றேன்" என்றார். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

எங்கள் ஷாப்பில் நான் செட்டர். தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் இரும்பு அச்சை, அதுதான் டை, மாட்டி, அளவு பார்த்து, பிரஸ்ஸை ஓட்டத்துக்கு விடுவது என் வேலை. செட்டர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. காதில் அடைத்துக்கொள்ள மஞ்சள் ஸ்பாஞ்ச் இரண்டு கொடுப்பார்கள். நாங்கள் வலது காதில் மட்டும் வைத்துக்கொள்வோம். இடது காது மெஷினுக்கு. டை விரிசல் விடப்போகிறது என்றால் அடிக்கிற சத்தம் கொஞ்சம் வறண்டுபோகும். அதை ஸ்பாஞ்ச் வைத்துக்கொண்டு பிடிக்க முடியாது. நான் இரண்டு தடவை அப்படிச் சத்தத்தை வைத்தே மெஷினை நிறுத்தி டையைக் காப்பாற்றியிருக்கிறேன். அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு. எங்கே போனாலும் யாராவது கேட்கிறார்களா என்று பார்த்து அந்தக் கதையைச் சொல்லிவிடுவேன்.

அடுத்த பிரஸ்ஸுக்குச் செட்டர் ஒரு பாகலூர்க்காரன். என் வயதுதான். வீட்டில் கன்னடம், டீக்கடையில் தெலுங்கு, என்னிடம் தமிழ். யாரைப் பார்த்தாலும் "குரு" என்பான். பெங்களூர்ப் பக்கத்துப் பையன்கள் மச்சி என்பதற்குச் சொல்வது அது, மரியாதை எல்லாம் கிடையாது. டாக்டர் சொன்னதை கேன்டீனில் அவனிடம் சொன்னேன்.

"சும்னே கண்ண மூடிட்டு உக்காந்தா வராது குரு. பைனாரல் பீட் கேளு. நான் அனுப்பறன்."

"அது என்னாப்பா அது?"

"ஹெட்போன் மாட்டிக்கணும். வலது காதுக்கு ஒரு சத்தம் வரும். இடது காதுக்கு இன்னொரு சத்தம், ஒரு பொடி வித்தியாசம். ரெண்டும் மண்டைக்குள்ள போயி சேந்தா புதுசா ஒரு அலை கெளம்பும். ஊம்... ஊம்னு. அது வெளிய எங்கயுமே இல்ல. உன் மூளையே பண்ணிக்கிறது. அது வந்துட்டா மனசு அப்டியே எறங்கிடும்."

"உனக்கு வந்துச்சா?"

"ஏய், வண்டு சுத்தற மாதிரி வந்துச்சு" என்று விரலால் தலையைச் சுற்றி வட்டம் போட்டுக் காட்டினான். சாம்பார் என் சட்டையில் தெறித்தது.

அன்று சாயங்காலமே நாலைந்து ஒலிப்பதிவுகள் போனுக்கு வந்துவிட்டன. முதல் ஷிப்ட் முடித்து மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தால் கொஞ்ச நேரம் தெரு அடங்கியிருக்கும். பாயைப் போட்டு உட்கார்ந்தேன். முதலில் ஓடுகிற ஆறு. கால் மணி நேரத்தில் மூன்று தடவை பாத்ரூம் போய் வந்தேன். அடுத்ததில் ஒரு பெண் குரல், ஏதோ ரகசியம் சொல்வதுபோல, உங்கள் பாதங்களை உணருங்கள் என்றது. உணர்ந்தேன். சேஃப்டி ஷூ கடித்த இடமெல்லாம் ஒவ்வொன்றாக வலிக்க ஆரம்பித்தது. அதுவரை சும்மா இருந்த பாதம்.

மூன்றாவது, காடு. இலை சரசரக்கிறது, எங்கோ கிளை ஒடிகிறது. நன்றாகத்தான் இருந்தது. ரோஜாப் பண்ணையில் பூத் தரம் பிரிக்கும் வேலைக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்த என் மனைவியிடம், கேட்டுப் பார் என்று கொடுத்தேன். அவள் பிறந்தது தேன்கனிக்கோட்டைப் பக்கம், காட்டை ஒட்டிய கேழ்வரகு நிலம். கேட்ட வேகத்தில் ஹெட்போனைப் பிடுங்கிப் பாயில் போட்டாள்.

"இதக் கேட்டா மனசு அடங்குமா? யான எறங்கிடுச்சு, பட்டாசு எங்க வெச்சோம்னுதான் எனக்குத் தோணுது. எவனோ காட்டையே பாக்காதவன் புடிச்சிருக்கான்."

கடைசியாகத்தான் பைனாரல் பீட் போட்டேன். வலது காதில் மெல்லிய ஒரே சத்தம், ஃபிரிட்ஜ் ஓடுவது மாதிரி. இடது பக்கம் பக்கத்துத் தெருவில் யாரோ மிக்சி போடுவது மாதிரி ஏதோ இருந்தது, அல்லது இருந்ததாக நானே நினைத்துக்கொண்டேன். அலை வரவில்லை, வண்டும் வரவில்லை. அரை மணி நேரம் ஃபிரிட்ஜைக் கேட்டுவிட்டு எழுந்தேன். மறுநாளும் ஃபிரிட்ஜ்தான். ஒரு வாரம் ஃபிரிட்ஜ்.

"வந்துச்சா குரு?" என்று பாகலூர்க்காரன் தினமும் கேட்டான். பொறுக்க முடியாமல் ஒருநாள், "வந்துச்சு வந்துச்சு, வண்டு" என்று சொல்லிவிட்டேன்.

ஹெட்போன் மட்டம் என்று பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் வேறு வாங்கினேன். அதிலும் அப்படியே. கோபத்தில் ஹெட்போனை இடவலமாக மாற்றிப் போட்டேன். இப்போது வலது காதில் வேறொரு ஃபிரிட்ஜ், இடது காதில் அதே பக்கத்துத் தெரு மிக்சி. ஹெட்போன் மாறியும் மிக்சி இடம் மாறவில்லை. நான் தலையைத் தட்டினேன், காதைக் குடைந்தேன், மீண்டும் போட்டேன்.

மனைவியைக் கூப்பிட்டு மாட்டிவிட்டேன். இரண்டு நொடிதான். அவள் தலை தானாக ஆட ஆரம்பித்தது.

"ஏங்க, என்னாங்க இது, ஊம் ஊம்னு நடு மண்டையில சுத்துது. நல்லாதான் கீது."

"ரெண்டு பக்கமும் ஒரே அளவா கேக்குதா?"

"ஆமா. ஏன், உங்களுக்குக் கேக்கலியா?"

"கேக்குது, கேக்குது."

அவள் சும்மா விடுகிறவள் இல்லை. மறுநாள் நான் வலது பக்கம் சாய்ந்து, வலது காது தலையணையில் அழுந்தப் படுத்திருந்தேன். முதுகுப் பக்கம் நின்று நாலு தடவை கூப்பிட்டிருக்கிறாள். ஐந்தாவது தடவை தோளைத் தொட்டாள். எழுந்து பார்த்தால் கண் கலங்கி நிற்கிறாள்.

"இத்தன வருஷமா நான் கூப்புட்டா திரும்பாததுக்குத் திமிருனு நெனச்சிட்டு இருந்தன். அதுக்காக எத்தன நாளு உங்ககிட்ட பேசாம இருந்திருக்கன்."

எனக்குப் பயம் வந்தது. காதை நினைத்து அல்ல, அடுத்த வாரத்தை நினைத்து. வருஷத்துக்கு ஒருமுறை காது பரிசோதனை வேன் எங்கள் கம்பெனிக்கு வரும். அதில் காது கெட்டிருக்கிறது என்று எழுதிவிட்டால் பிரஸ் ஷாப்பை விட்டு எடுத்துவிடுவார்கள். பேக்கிங்கில் போய் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்ட வேண்டியதுதான். சத்தத்தை வைத்தே டையைக் காப்பாற்றியவன் டேப் ஒட்டுவதா?

இத்தனை வருஷம் எப்படித் தேறினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேனுக்குள் சத்தம் புகாத ஒரு பெட்டி, பீரோ அளவுக்கு இருக்கும். உள்ளே நாற்காலி, ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்டால் அமுத்த வேண்டும். பெட்டியில் சின்னதாக ஒரு கண்ணாடி, அதன் வழியே பரிசோதனை செய்யும் அம்மாவின் முகமும் தோளும் தெரியும். கை தெரியாது. ஆனால் ஒவ்வொரு தடவை சத்தம் வைக்கும்போதும் அவருடைய வலது தோள் கொஞ்சம் ஏறி இறங்கும். இதைக் கண்டுபிடித்தது நான்தான். தோள் அசைந்தால் அமுத்து என்று ஷாப்பில் அத்தனை செட்டருக்கும் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். எல்லோருக்கும் வருஷா வருஷம் காது நன்றாகவே இருந்தது. எனக்கும் நன்றாகவே இருந்தது. அதை நானே நம்பியும் தொலைத்தேன்.

இதை எல்லாம் மனைவியிடம் சொன்னேன். அடுப்பைத் திருப்பி அணைத்துவிட்டு வந்தாள்.

"இந்த வாட்டி ஒழுங்கா பண்ணிட்டு வாங்க. பொய் சொல்லிட்டு வந்தீங்கனா, இனிமே நான் இடது பக்கம் நின்னுதான் பேசுவன்."

வேன் வந்த அன்று எனக்குப் பின்னால் பாகலூர்க்காரன் நின்றிருந்தான். நான் உள்ளே போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். அந்த அம்மா கதவைச் சாத்தினார். கண்ணாடியில் தோள் தெரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

வலது காதில் சத்தம் ஒவ்வொன்றாக வந்தது. கேட்டதற்கு அமுத்தினேன். மிகச் சன்னமானவற்றைக்கூடப் பிடித்தேன். பிறகு நின்றுவிட்டது. இடது பக்கம் ஆரம்பிக்கும் முன் எழுதிக்கொண்டிருக்கிறார் போல என்று காத்திருந்தேன். பத்தொன்பது வருஷத்தில் அப்படி ஒரு அமைதியில் நான் உட்கார்ந்ததே இல்லை. தூரத்தில் இரண்டு தடவை ஏதோ கேட்டது, அமுத்தினேன். மற்றபடி ஒன்றும் இல்லை. மூச்சு இறங்கி ஏறியது. பாதம் வலிக்கவில்லை. தியானம் என்றால் இதுதானா, இதற்கா இத்தனை நாள் ஃபிரிட்ஜைக் கேட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

கதவு திறந்தது.

"முடிஞ்சிருச்சு, எறங்குங்க."

"இடது காது பாக்கலியா மேடம்?"

"அதத்தான் இவ்ளோ நேரம் பாத்தேன். எவ்வளவு சத்தமா வச்சேன் தெரியுமா? ரெண்டே தடவதான் அமுத்துனீங்க."

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுப் பெட்டியை விட்டு வெளியே வந்தேன். அவர் பழைய காகிதத்தைப் புரட்டினார். "போன வருஷம் ரெண்டு காதும் நார்மல்னு இருக்கே. எப்படி?"

"போன வருஷம் உங்க தோளப் பாத்தேன் மேடம்" என்றேன்.

அவர் தன் தோளை ஒருமுறை பார்த்தார். பிறகு பெட்டிக்குள் எட்டி, நாற்காலியைக் கண்ணாடிக்கு முதுகு காட்டும்படி திருப்பிப் போட்டார். என் காகிதத்தில் ஏதோ எழுதித் தனியாக வைத்தார்.

வேன் படியில் பாகலூர்க்காரன் என் கையைப் பிடித்தான். "நாற்காலிய எதுக்கு குரு அந்தம்மா திருப்புச்சு?"

"நான்தான் சொல்லிட்டேன். எனக்கு இடது காது போயிடுச்சு. அந்த அலை, வண்டு, எதுவும் எனக்கு வரல. உன்கிட்ட பொய் சொன்னேன்."

திட்டுவான் என்று நினைத்தேன். அவன் என்னைப் பார்க்காமல் வேனுக்குள் பார்த்தபடி நின்றான்.

"அந்த பீட்டுக்குக் கீழ கமெண்ட்ல நாலு பேரு எழுதியிருந்தானுங்க குரு, வண்டு சுத்தற மாதிரி இருக்குதுன்னு" என்றான். "அதத்தான் உன்கிட்ட சொன்னன்."

உள்ளே போய் உட்கார்ந்தான். நான் படியிலேயே நின்றேன். அங்கிருந்து கண்ணாடி வழியாக அவன் முதுகும், நாற்காலிக் கையில் பொத்தானைப் பிடித்திருந்த கட்டை விரலும் தெரிந்தன. முதலில் விரல் நன்றாகத்தான் அமுத்தியது. பிறகு நின்றது. அந்த அம்மாவின் தோள் மட்டும் ஏறி ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது.