மேசைக்கு வராத இருவர்

எதிர் ஃபிளாட்டில் கொத்தமல்லி கேட்கப் போனபோதுதான் அந்த யோசனை பளிச்சென்று தோன்றியது. காகூவும் காகாவும் (மராத்திக்கார அத்தை மாமாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) கல்யாண நாள் என்று விளக்கை அணைத்து, மெழுகுவத்தி ஏற்றி, எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கொத்தமல்லியே மறந்துபோனது. நம் வீட்டில் ஏன் இப்படி நடப்பதில்லை?

நடக்க வழியே இல்லை. அம்மா வங்கியிலிருந்து வந்து இறங்கும் நேரத்துக்குத்தான் ஹிஞ்சேவாடி ஐ.டி. கம்பெனி கேப் அப்பாவை அள்ளிக்கொண்டு போகும். அமெரிக்காக்காரன் விழித்திருக்கும்போது அப்பா வேலை பார்க்க வேண்டுமாம். மாடிப்படியில் சாவி கைமாறும். “கேஸ் சிலிண்டர் சொல்லியாச்சா?” “ம்.” முடிந்தது குடும்பப் பேச்சு. பத்து வயதில் எனக்கு இது பெரிய அநியாயமாகப் பட்டது. ஒரே ஒரு வேளையாவது இருவரையும் நேருக்கு நேர் உட்காரவைத்துச் சாப்பிடவைத்தே தீருவேன் என்று சபதம் எடுத்தேன்.

அந்தச் சனிக்கிழமை அப்பாவுக்கு விடுமுறை. என் படிப்பு மேசையை ஹாலின் நடுவே இழுத்துப் போட்டேன். அம்மாவின் துப்பட்டா மேசைவிரிப்பானது. வியாழக்கிழமைதோறும் வரும் கரண்ட் கட்டுக்காக வாங்கி வைத்திருந்த மெழுகுவத்தியை எடுத்தேன். இரண்டே நாற்காலிகள், மூன்றாவதைப் பால்கனியில் ஒளித்துவைத்தேன், இல்லையென்றால் ‘நீயும் உக்காரு’ என்று கூப்பிட்டுக் கெடுத்துவிடுவார்கள். மிக்ஸியில் சட்னியும் நானே அரைத்தேன். மெனு, முறுகல் தோசை. இருவருக்கும் உயிர்.

குளித்துவிட்டு வந்த அப்பா இருட்டைப் பார்த்து, “கரண்ட் போயிடுச்சா? எதிர் வீட்ல எரியுதே!” என்று ஃபியூஸ் பெட்டியைத் திறக்கப் போனார். கையைப் பிடித்து இழுத்துவந்து உட்காரவைத்தேன்.

“யாருக்குடி இதெல்லாம்?” என்றாள் அம்மா.

“உங்க ரெண்டு பேருக்கும். பேசிக்கிட்டே சாப்பிடணும்.”

அம்மா சிரித்தாள். நாற்காலியில் பாதி உட்கார்ந்தாள். உடனே எழுந்தாள். “சரி, தோசையை யாரு ஊத்துறது?”

எனக்கு அடுப்பு பற்றவைக்க அனுமதி கிடையாது. இதை எப்படி யோசிக்காமல் விட்டேன்! தோசை சுட்டால் உட்கார முடியாது, சுட்டு வைத்தால் முறுகல் இருக்காது. அம்மா சமையலறைக்குப் போய்விட்டாள். அப்பா மெழுகுவத்தியோடு தனியே உட்கார்ந்து முதல் தோசையைத் தின்றார். இரண்டாவதுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் தட்டைத் தூக்கிக்கொண்டு அவரும் உள்ளே போனார்.

போனவர் வரவேயில்லை.

“நகரு, நான் ஊத்துறேன்.”

“ஐயோ, கல்லைக் கெடுத்துராதீங்க!”

“பாரு, எப்படி வந்திருக்குன்னு.”

“இது தோசையா, மகாராஷ்டிரா மேப்பா? கொங்கண் பக்கம் பூரா கிழிஞ்சு போச்சு.”

“கிழிஞ்சதை நீ தின்னு. ஆ காட்டு.”

எட்டிப் பார்த்தேன். ஃபிரிட்ஜில் சாய்ந்து நின்றபடி ஒரே தட்டில் இருவரும் தின்றுகொண்டிருந்தார்கள். அம்மாவின் மூக்கில் மாவு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தட்டையும் டம்ளரையும் ஸ்கேல் வைத்து நேராக அடுக்கியது யாருக்காக?

“அப்பா! இங்க இல்ல, வெளிய! மெழுகுவத்தி வேஸ்ட் ஆகுது!”

“இரு கண்ணு, ஒண்ணையாவது முழுசா திருப்பிக் காட்டிட்டு வரேன். உங்கம்மா சவால் விட்டிருக்கா.”

“புகை வருது பாரு, போ” என்று அம்மா கதவைச் சாத்திவிட்டாள்! என் ஏற்பாட்டில் என்னையே வெளியே தள்ளிக் கதவடைத்தார்கள். உள்ளே தட்டு விழும் சத்தம், அம்மா மூச்சுமுட்டச் சிரிக்கும் சத்தம். அவள் அப்படிச் சிரிப்பாள் என்றே எனக்கு அதுவரை தெரியாது. ஆனால் அன்று அதுவா என் கவலை? மேசை காலியாக இருந்தது, எவ்வளவு அலட்சியம்!

கோபத்தோடு அங்கேயே அடுத்த சனிக்கிழமைக்குத் திட்டம் போட்டேன். தயிர்சாதம். முன்கூட்டியே பிசைந்து மேசையில் வைத்துவிட வேண்டும். அவர்கள் உட்கார்ந்ததும் சமையலறையை வெளியே பூட்டிவிட வேண்டும்.