எட்டு மணி நேரம் பாக்கி

என் கணவருக்கு மூக்கில் ரத்தம் கொட்டத் தொடங்கியபோது நான் கிரைண்டரிலிருந்து மாவு அள்ளிக்கொண்டிருந்தேன். அவர் அண்ணாந்து உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துண்டு போட்டிருந்தார். எத்தனையோ நோயாளிகளை நான் திட்டித் தீர்த்த அதே கோலம்.

"குனிங்க. மூக்க அழுத்திப் பிடிங்க."

கால் மணி நேரம் கடிகாரம் பார்த்தேன். நிற்கவில்லை. இதயத்துக்காக அவர் விழுங்கிவந்த, ரத்தம் உறையவிடாத மாத்திரை தன் வேலையைச் சிறப்பாகச் செய்துகொண்டிருந்தது.

மைசூரில் நான் நர்சிங் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்ற ஆஸ்பத்திரிக்கே போனோம். ஒரு காலத்தில் என்னைக் கண்டு நடுங்கிய பயிற்சி டாக்டர் இப்போது மூக்கு நிபுணர். மருந்தில் தோய்த்த நாடாத் துணியை இடுக்கியால் மடித்து மடித்து இரண்டு துவாரங்களிலும் அடைத்தார். முனைகளைக் கன்னத்தில் ஒட்டினார். குறை சொல்ல இடமில்லாத வேலை.

என் கணவர் தமிழ்நாட்டு எல்லையோரத்துக் கௌதள்ளி ஊர்க்காரர், கேலிப் பேச்சுக்காரர். மூக்கடைத்த குரலிலும் வாய் ஓயவில்லை.

"ஏம்மிணி, செத்தவனுக்குத்தான மூக்குல அடைப்பாங்க? எனக்கு உசுரோடயே அடைச்சுட்டீங்களே!"

"அது பஞ்சு, இது மருந்துத் துணி. பேசாதீங்க."

"மூச்சு முட்டுது அம்மிணி. எடுக்கச் சொல்லு."

"நாப்பத்தெட்டு மணி நேரம்" என்றேன். வாயால் மூச்சுவிட்டு நாக்கு வறண்டுபோனவருக்கு ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தேன். அதுவும் விதிப்படிதான்.

மூன்றாம் நாள் காலை டாக்டர் வந்து பார்த்தார்.

"கசிவு நின்னுடுச்சு மேடம். சார் ரொம்பக் கஷ்டப்படறாரு. இப்பவே எடுத்துடலாமா?"

என்னைக் கேட்க வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. பழைய பயம். மனைவியாக ஒரு 'சரி' சொல்லியிருக்கலாம். கட்டிலருகே நின்ற சூப்பிரண்டுதான் பதில் சொன்னாள்:

"இன்னும் எட்டு மணி நேரம் பாக்கி இருக்கு டாக்டர்."

என் கணவர் என்னைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

பதினொரு மணிக்கு அவர் இதயம் நின்றது. நெஞ்சை அழுத்தினார்கள், மின்சாரம் வைத்தார்கள். செய்ய வேண்டிய வரிசையில் ஒன்றும் தப்பவில்லை.

"ஹார்ட்தான் மேடம். மூக்குல வெச்சதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல" என்றார் டாக்டர். அந்த வாக்கியம் எனக்குத் தெரியும். பலருடைய மனைவிகளிடம் நானே சொல்லியிருக்கிறேன். உண்மையாகவும் இருக்கலாம்.

துணியை நானே எடுத்தேன். உப்புநீர் விட்டு ஊறவைத்து, உயிருள்ளவருக்கு எடுப்பதுபோல மெதுவாக. நாடா வந்துகொண்டே இருந்தது.

வீட்டில் கிடத்தியதும் அவர் தங்கை பஞ்சை உருட்டிக்கொண்டு வந்தாள். "வெக்கோணுமுங்க அண்ணி. ரத்தம் வருது பாருங்க."

வைக்க வேண்டும்தான். எத்தனை பேருக்கு என் கையால் வைத்திருக்கிறேன்.

"வேண்டாம்" என்றேன். தூக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து, கசியக் கசியக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தேன்.