வல்லை வெளியில் கொதித்த கார்

பூரணத்தைக் கொன்றவன் நான்.

என் தம்பி செல்லத்துரை அல்ல. தன் மனைவியைத் தானே கொன்றுவிட்டதாக அவன் இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறான். கரவெட்டி முழுவதும் அப்படித்தான் நம்புகிறது. உண்மை தெரிந்தவன் நான் ஒருவன். இப்போது நீங்களும்.

எதனால் கொன்றேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பித்தளைச் சாமானால்! தெர்மோஸ்டாட் என்று அதற்குப் பெயர். சிரித்துவிட்டு மேலே வாசியுங்கள்.

உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்திய காலம். மலாயாவில் ரயில்வே கந்தோரில் கிளார்க்காக இருந்து, பென்சன் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பியவன் நான். பெட்டி நிறையப் பெருமையும் கொண்டுவந்தேன். வந்ததும் ஒரு பழைய கார் வாங்கினேன். எங்கள் ஒழுங்கையில் அது ஒன்றுதான் கார். ஓட்டுவது பெரும்பாலும் பக்கத்து வளவிலிருந்த தம்பி. மூடியைத் திறந்து உள்ளே கைவைப்பது நான்.

எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீர் சூடேறும்வரை அதை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் அடைத்து வைப்பதும், சூடேறியதும் திறந்துவிடுவதும் தெர்மோஸ்டாட்டின் வேலை. எங்கள் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு படிந்து பழையது இறுகிப் போயிற்று. கழற்றி எறிந்தேன். அது இல்லாமலே கார் மாதக்கணக்காக ஓடிற்று. கேட்டீர்களா? நன்றாக ஓடிற்று! இந்த வெயில் பூமியில் அப்படியொரு காவல்காரன் தேவையே இல்லை. நான் சும்மா இருந்திருந்தால் போதும்... சும்மா!

இருக்கவில்லையே! "கொம்பனிக்காரன் காரணம் இல்லாமல் ஒன்றை வைப்பானோ?" என்று ஊரெல்லாம் கேட்டுக்கொண்டு, கொழும்புக்கு எழுதிப் புதிதாக ஒன்றை வரவழைத்தேன். வேலியிலே போன ஓணானைப் பிடித்து மடியிலே கட்டிக்கொண்டேன்.

அது வந்து சேர்ந்தபோது பூரணத்துக்கு மாதம் நிறைந்திருந்தது. பொருத்துமுன் சோதிக்க வேண்டும் அல்லவா? தம்பியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, அடுப்பிலே பானையை வைத்துத் தண்ணீரைக் கொதிக்கவிட்டு அதற்குள் போட்டேன். என் மனைவி தங்கம் தலையில் அடித்துக்கொண்டாள். பூரணம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் நின்று சிரித்தாள்.

"என்ன அத்தான், சோறு வைக்கிற பானையிலை காரை அவிக்கிறியளோ? வெந்து போச்சுதெண்டால் சொல்லுங்கோ, தாளிச்சு விடுறன்!"

அந்தச் சிரிப்பு... வேண்டாம். அதைப் பற்றி எழுத எனக்கு அருகதை இல்லை.

சூடேறியதும் அது மெல்ல வாயைத் திறந்தது. நான் துள்ளினேன். "பார், பார்! இனி உன்ரை புருசன் எங்கை கொண்டு ஓடினாலும் இந்தக் கார் கொதிக்காது!" என்றேன். ஆம், என் வாயால்தான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரம் பார்த்து, காருக்கு முன்னால் தேங்காய் உடைத்துவிட்டு வேலையைத் தொடங்கினேன். எஞ்சினின் தலையிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் தடித்த றப்பர்க் குழாய்க்குள் அதைச் செருக வேண்டும். தண்ணீரை இறக்கினேன். குழாயை இழுத்தேன். வராது என்றது! இறுகி ஒட்டிக்கிடந்தது. கத்தியால் நெம்பி, கைத்தோல் உரிந்து, அதை எடுப்பதற்குள் பத்து மணி கடந்துவிட்டது.

உள்ளேயிருந்து தங்கம் கத்தினாள். "இஞ்சருங்கோ, ராகு காலம் வரப்போகுது! தொடங்கினதை மூடிப்போட்டு வாங்கோ. திறந்தபடி கிடக்கக் கூடாது!"

நான் இங்கிலீசு படித்தவன். ஏழு கடல் தாண்டியவன். ஆனாலும் ராகு காலம் என்றதும் பரபரவென்று வேலையை முடிக்கப் பார்த்தேன். சாமானைச் செருகினேன், குழாயை ஏற்றினேன், பட்டியை முறுக்கினேன், தண்ணீரை வார்த்தேன். முடிந்தது!

அதன் விளிம்பில் ஓர் அம்புக்குறி வெட்டியிருந்தது. அம்பு ரேடியேட்டரைப் பார்க்க வேண்டும். சூட்டை உணரும் பக்கம் எஞ்சினைப் பார்க்க வேண்டும். மாறி வைத்தால் எஞ்சின் என்னதான் கொதித்தாலும் அதற்குத் தெரியாது, அடைத்தபடியே இருக்கும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். பானைக்கு முன்னால் நின்று தம்பிக்குப் படிப்பித்தவனே நான்தான்.

எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்திருந்தால் கொஞ்ச நேரத்தில் கொதித்துக் காட்டிக் கொடுத்திருக்கும். ராகு காலத்தில் புது வேலையைத் தொடக்கி வைக்கக் கூடாதென்று ஓடவிடவில்லை. ராகு காலம் கழிந்தது, சாப்பிட்டேன், படுத்தேன். பின்னேரம் கோயிலுக்குப் போனேன். பானைக்குள் பார்த்தாயிற்று, இனி என்ன பார்க்க இருக்கிறது என்ற மிதப்பு! அந்த மிதப்பை இன்றைக்கு நினைத்தாலும் என் முகத்தில் நானே காறித் துப்ப வேண்டும்போல் இருக்கிறது.

மறுநாள் நான் நெல்லியடிச் சந்தைக்குப் போயிருந்தபோது பூரணத்துக்கு நோவு கண்டது. பிள்ளை குறுக்கே கிடந்தது. மருத்துவிச்சி கையை விரித்துவிட்டாள். "என்னாலை ஏலாது தம்பி. பட்டணத்துப் பெரியாசுபத்திரிக்குக் கொண்டு ஓடு" என்றாளாம். தம்பி ஓடிவந்து என் காரை எடுத்தான்.

சந்தையடியில் கார் என்னைக் கடந்து போயிற்று. பின்னால் பூரணத்தின் தலையை மருத்துவிச்சி மடியில் வைத்திருந்தாள். தம்பி என்னைக் கண்டு வேகத்தைக் குறைத்தான். நான் கையை வீசினேன்.

"நில்லாதை! போ, போ!"

அனுப்பி வைத்தவனும் நான்தான். மறந்துவிடாதீர்கள்.

வல்லை வெளியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் வடமராட்சியிலிருந்து யாழ்ப்பாணப் பட்டணம் போகிறவர்கள் அதைக் கடந்துதான் ஆகவேண்டும். வீடில்லை, மரமில்லை, கிணறில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் உப்பு நீரும் காற்றுந்தான். அந்த வெளியின் நட்டநடுவில், உச்சி வெயிலில், கார் கொதித்து நின்றுவிட்டது.

தம்பி ரேடியேட்டர் மூடியைத் திறந்தான். ஆவி சீறி அவன் வலக்கையை அவித்தது. அந்தக் கையோடு ஓடி உப்புத் தண்ணீரை அள்ளிவந்து வார்த்தான். கார் கொஞ்சத் தூரம் போயிற்று, மறுபடி கொதித்தது. மறுபடி ஓடினான், மறுபடி வார்த்தான்... வார்த்த தண்ணீர் ரேடியேட்டரிலேயே நிற்க, உள்ளே எஞ்சின் வெந்துகொண்டிருந்தது அவனுக்கு எப்படித் தெரியும்? கடைசியில் ஒன்றும் அசையவில்லை. அச்சுவேலிப் பக்கமிருந்து ஒரு மாட்டு வண்டி வந்தபோது பூரணம் பேச்சை நிறுத்தியிருந்தாள்.

அவளுடைய கடைசிப் பேச்சை மருத்துவிச்சி என்னிடம் சொன்னாள். "இன்னும் காத்துத்தானே அடிக்குது... ஊர் வரேல்லையே ஆச்சி?" என்று கேட்டாளாம்.

ஊர் வரவில்லை. பிள்ளை வயிற்றோடு திருப்பிக்கொண்டு வந்தார்கள்.

சாம்பல் அள்ளிக் காடாற்று முடிந்த அன்று, மாடு கட்டிக் காரை இழுத்துவந்து என் கொட்டிலில் விட்டார்கள். ஒருவரும் இல்லாத நேரம் பார்த்துக் குழாயைக் கழற்றினேன். அம்புக்குறி எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு... அதை உருவி எடுத்துக் கக்கூசுக் குழிக்குள் எறிந்தேன். குழாயை மாட்டினேன். கையைக் கழுவினேன். யாரும் காணவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டேன். அழுவதற்கு முன் இதையெல்லாம் செய்தேன்! எப்படிப்பட்ட மனிதன் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்போதுதான் தம்பி கொட்டில் வாசலில் வந்து நின்றான். வெந்த கையில் வாழைக் குருத்துச் சுற்றியிருந்தது.

"அண்ணை... தண்ணி குறைஞ்சுதானே கொதிச்சது? நான் எடுக்கேக்கை மூடியைத் திறந்து பாக்கேல்லை. அவள் கத்தின கத்திலை அப்பிடியே எடுத்திட்டன். அதுதானே அண்ணை? உண்மையைச் சொல்லுங்கோ."

உண்மையைச் சொல்லச் சொல்லிக் கேட்டான். என் வாய்க்குள் அது வந்து நின்றது. சத்தியமாக வந்து நின்றது!

"ஓம்" என்றேன்.

அவ்வளவுதான். அவன் அப்படியே தரையில் குந்திவிட்டான்.

முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி அன்றைக்காவது சொல்லிவிடுவது என்று கீரிமலைக் கடலில் முழுகி எழுந்து நேர்ந்துகொண்டேன். வீட்டுக்கு வந்ததும், பூரணத்தின் தகப்பனார் தம்பியின் சட்டையைப் பிடித்து உலுக்கினார். "தண்ணி பாக்கத் தெரியாத மூதேவிக்கு என்ரை பிள்ளையைக் குடுத்தனே! நீ எரிச்சாய் அவளை!" தம்பி தலையைக் குனிந்து நின்றான். இனசனம் எல்லாரும் இருந்தார்கள். நான் போய் விலக்கிவிட்டேன்! நியாயவான்போல நடுவில் நின்று, "விடுங்கோ மாமா, தெரியாமல் நடந்த பிழை" என்றேன். யாருடைய பிழை? அதை மட்டும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? தம்பி என்னைக் கொன்றுவிடுவான் என்ற பயமா? இல்லை. அவன் மன்னித்துவிடுவான். மலாயாவில் எஞ்சின்களைக் கரைத்துக் குடித்தவர் என்று ஊர் சொல்லும் மனிதர், ஒரு சாமானைத் தலைமாறி வைத்துக் குடும்பத்தைக் குலைத்தார் என்று சிரிப்பார்களே... அந்தச் சிரிப்புக்காகத்தான்! அவன் வாழ்க்கையை அதற்கு விலையாகக் கொடுத்தேன்.

அதன்பிறகு அவன் வேறு கலியாணம் செய்யவில்லை. எந்த வாகனத்திலும் கைவைக்கவில்லை. முழுகாமல் இருக்கும் பெண் எதிரே வந்தால் ஒழுங்கை மாறிப் போகிறான். அவன் என்னைவிட இளையவன். அவன் தலை என்னுடையதற்கு முன்பே நரைத்துவிட்டது.

பிள்ளை வயிற்றோடு செத்தவளுக்குச் சுமைதாங்கி கட்டுவது எங்கள் வழக்கம். தலைச்சுமையோடு நடந்து போகிறவர்கள் அந்தக் கல்லில் பாரத்தை இறக்கி ஆறினால், செத்தவளின் பாரமும் இறங்கும் என்பது நம்பிக்கை. போன மாதம் வல்லை வெளி ஓரத்தில் தம்பி ஒன்று கட்டினான். பக்கத்தில் ஒரு தொட்டி. தூரத்துக் கிணற்றிலிருந்து வண்டியில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து தானே நிரப்புகிறான். கொதித்து நிற்கிற கார், லொறிக்காரருக்காம்.

முதல் வாளியை நான்தான் ஊற்ற வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். ஊற்றினேன்.

"அண்ணை, ஒரு கதை சொல்லவேணும்" என்றான். "மாமா ஏசினார். சனம் ஏசிச்சுது. எனக்கே என்னிலை வெறுப்பு. நீங்கள் ஒருத்தர்தான் இவ்வளவு காலமும் என்னை ஒரு சொல் கேக்கேல்லை. நீங்கள் இல்லாட்டி நான் எப்பவோ கயித்திலை தொங்கியிருப்பன்."

இப்போது சொல்லு, இப்போது சொல்லு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. இந்த உண்மையைச் சொன்னால் அவனுக்கு விடுதலையா? அல்லது அவன் பற்றிக்கொண்டிருக்கும் அந்த ஒன்றும் அறுந்துவிடுமா? எனக்குத் தெரியவில்லை... இல்லை, இதுவும் ஒரு சாட்டுத்தான்! சாட்டுக்கு எனக்கு எப்போதும் குறைவில்லை.

"வெயில் ஏறுது தம்பி, போவம்" என்றேன்.

அவன் தன் குடையை விரித்து என் தலைக்கு மேலே பிடித்தபடி, தான் வெயிலில் நடந்து வந்தான்.