சேர்த்துடுங்கன்னு சொன்ன ஒருத்தி

தெருவில் அவளுக்குப் பெயரே சண்டைக்காரிதான். இஸ்திரிக் கடை வைத்திருக்கிறாள். பெட்டியை இழுத்து இழுத்து வலது தோள் சற்று இறங்கிப்போயிருக்கும். அவளிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் குறைவு. சட்டையில் ஒரு மடிப்பு சரியில்லை என்று எவனாவது சொல்லட்டும், அவனை நிற்க வைத்து வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவாள்.

ஆனால் அவள் ஆத்திரத்தில் நியாயம் இல்லை என்றால் சொல்கிறவன் நாக்கு அழுகிவிடும். ஊராட்சித் தலைவர் வேறு யாருமில்லை, அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். புருஷன் செத்தபோது இஸ்திரிப் பெட்டி வாங்கிக் கொடுத்துக் கடை வைத்துத் தந்ததும் அவர்தான். அப்புறம் அண்ணிக்கும் அவளுக்கும் முட்டிக்கொண்டது. தெரு முழுக்கச் சாக்கடை கட்டிக்கொண்டு வந்த மனிதர், சரியாக அவள் கடைக்கு இரண்டு வீடு முன்னால் வேலையை நிறுத்திவிட்டார். மழை பெய்தால் ஊர்க் கழிவெல்லாம் அவள் கடைக்குள்தான் வந்து உட்காரும். போன மழையில் கட்டி வைத்திருந்த மூட்டைகள் அத்தனையும் நாறிப்போய், பாதி வாடிக்கை கைவிட்டுப் போயிற்று. இன்னொரு மழை வந்தால் கடையை மூட வேண்டியதுதான். வெட்கத்தை விட்டு அண்ணன் வீட்டுக்கு எத்தனையோ தடவை போய்க் கேட்டாள். பார்க்கலாம் பார்க்கலாம் என்றே அவர் கடத்திவிட்டார்.

அப்போதுதான் ஊராட்சியைப் பக்கத்து நகராட்சியோடு இணைக்கப் போவதாகச் சொல்லிக் கருத்துக் கேட்புக் கூட்டம் போட்டார்கள். பள்ளிக்கூட ஹாலில் மூச்சுவிட இடமில்லை. வரி ஏறும், ஒரு சான்றிதழுக்கு பஸ் பிடித்து ஓட வேண்டும், அங்கே நம்மை எவன் சீண்டுவான் என்று ஆளாளுக்கு எகிறினார்கள். மேலிடத்திலிருந்து வந்த அதிகாரி, பாவம், தண்ணீர் பாட்டிலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். அவர் பக்கத்தில் தலைவர், வேண்டாம் என்ற ஒவ்வொரு குரலுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். இணைந்தால் பதவி போய்விடுமே!

ஆதரவாக யாராவது பேசுகிறீர்களா என்று அதிகாரி கடமைக்குக் கேட்டார். சண்டைக்காரி எழுந்தாள்.

“சேர்த்துடுங்க சார். நகராட்சிக்காரன் செய்யலைன்னா, யாரோ எவனோன்னு மனசு ஆறிடும்.”

உட்காரடி என்று நாலு பக்கமும் கத்தினார்கள். ஊரைக் காட்டிக் கொடுக்கிறாள் என்றார்கள். முந்தாநாள் அவளிடம் துணி போட்டவன்கூட, இனி உன் கடை வாசலை மிதிக்க மாட்டேன் என்றான். அவள் அசையவில்லை.

தலைவர் சிரித்துக்கொண்டே மைக்கை வாங்கினார். “அவ என் தங்கச்சி சார். வீட்டுச் சண்டையை இங்க இழுத்துட்டு வந்துட்டா. கணக்குல எடுத்துக்காதீங்க.”

எழுதப்போன அதிகாரி பேனாவை மூடிவிட்டார்.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. சாக்கடை கேட்டு நடையாய் நடந்தபோது இல்லாத தங்கச்சி, அவள் பேச்சைக் கணக்கிலிருந்து அடிக்க மட்டும் வந்துவிட்டாளாம்!

“எழுதுங்க சார்,” என்றாள். “எனக்கு அண்ணன்னு யாரும் இல்ல.”

அதிகாரி தலைவரைப் பார்த்தார். தலைவர் முகத்தில் சிரிப்பு போயிருந்தது. மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனார்.

“எழுதிக்குங்க சார். யாரோ ஒரு பொம்பளை.”

அதிகாரி எழுதிக்கொண்டார். அவள் கேட்டது நடந்துவிட்டது. ஆனாலும் அவள் உட்காரவும் இல்லை, வெளியே போகவும் இல்லை. இல்லை, நான்தான் உன் அண்ணன் என்று அவர் சொல்லுவார் என நம்பித்தான் அவள் அப்படிச் சொல்லியிருந்தாள்.