முகர்ந்து பார்த்து ஊற்றவும்

ஒயின் ஊற்றும் வேலையில் ஊற்றுவது கொஞ்சம், நிற்பது அதிகம். ஒரு கிளாஸில் இரண்டு விரல் உயரம் ஊற்ற ஐந்து விநாடி போதும். அதன் பிறகு குடிப்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நிற்க வேண்டும். துணிக்கடையிலோ செல்போன் கடையிலோ மேசைக்குப் பின்னால் ஒரு மாதமாவது நின்றிருந்தால் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நான் பி.காம். எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. கருவடிக்குப்பத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்து, கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு கடையில் வேலை செய்கிறேன். சனிக்கிழமை மாலை, கடையின் பின்கட்டில், டிக்கெட் வாங்கி வருகிறவர்களுக்கு ஒயின் ருசி பார்க்கும் நிகழ்ச்சி. ஞாயிறு காலை, ஒரு பழைய வீட்டு முற்றத்தில் கூடும் சந்தையில் எங்கள் மேசை: சீஸ், ரொட்டி, ஆலிவ், ஜாம். கடையை நடத்துபவரை மேடம் என்போம். பிரான்சில் பல வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். சீஸ் வெட்டுவது ரஹ்மான் அண்ணன். அவர் பாட்டிலைத் தொடமாட்டார். அதனால் ஊற்றும் வேலை எனக்கு வந்தது. ஆறு மாதம் பார்ப்போம், சரிவந்தால் நிரந்தரம் என்று சொல்லித்தான் சேர்த்துக்கொண்டார்கள். அம்மாவோ சேர்ந்த வாரமே நிரந்தரம் என்று கோயிலில் பாதிப் பேரிடம் சொல்லிவிட்டார். அதனால் அந்த ஆறு மாதத்தையும் நான் சனிக்கிழமை சனிக்கிழமையாக எண்ணிக் கழித்தேன்.

கேக் மேல் இருப்பது

ஒவ்வொரு ஒயினுக்கும் மேடம் ஓர் அட்டை அச்சடித்து வைத்திருப்பார். அதில் அந்த ஒயினில் என்னென்ன வாசனை வரும் என்று இருக்கும். முதல் சனிக்கிழமை எனக்குக் கிடைத்த அட்டையில் கறுப்புச் செர்ரி, ஓக் மரம், பழைய தோல் என்று இருந்தது. வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போய், சென்னையிலிருந்து வந்த ஒரு தம்பதியிடம் தடுமாறாமல் ஒப்பித்தேன். கணவர் ரசித்துக் குடித்தார். மனைவிக்குத்தான் சந்தேகம். நான் செர்ரி சாப்பிட்டிருக்கிறேனா என்று கேட்டார்.

பொய் சொல்ல வரவில்லை. கேக் மேல் சிவப்பாக வைப்பார்களே, அதைச் சாப்பிட்டிருக்கிறேன் என்றேன். அவர் என் தோளில் கை வைத்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னார்: "அது செர்ரியே இல்லம்மா, களாக்கா. சாயம் போட்டு சர்க்கரைல ஊற வச்சிருப்பாங்க."

துப்புவதற்குப் பயிற்சி

ஒயினை ருசி பார்க்கிறவர்கள் அதை விழுங்கியே ஆகவேண்டும் என்றில்லை. வாயில் சுழற்றிவிட்டு, பக்கத்தில் வைத்திருக்கும் வாளியில் துப்பிவிடலாம். எனக்கு இது பெரிய நிம்மதியாக இருந்தது. ஏனென்றால் ஒரு சொட்டு உள்ளே போனாலும் வேலைக்கு முழுக்கு என்பது அம்மா போட்ட நிபந்தனை. ஆனால் அழகாகத் துப்புவது சுலபமில்லை. தெறிக்கக் கூடாது, ஒழுகக் கூடாது, சத்தம் வரக் கூடாது. மேடம் துப்பினால் நூல் பிடித்த மாதிரி போகும். என்னுடையது என் சட்டைக்கே வந்தது.

வீட்டில் திராட்சை ஜூஸை வைத்துக்கொண்டு வாஷ்பேசினில் ஒரு வாரம் பழகினேன். அம்மா எங்கள் ஊர்க் கதிர்காமத்தில் ஓர் ஆஸ்பத்திரி கேன்டீனில் சமைக்கிறார். பலவிதமான ஆட்களைப் பார்த்தவர். கதவருகில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "குடிச்சிட்டு வாந்தி எடுக்கறவங்கள பாத்திருக்கேன். குடிக்காமலே துப்பறதுக்கு சம்பளம் வாங்கறவள இப்பதான் பாக்கறேன்."

கரைந்த சீஸ்

ஒரு ஞாயிறு, சந்தை திறந்ததுமே ஓர் அம்மா டிபன் பாக்ஸோடு வந்தார். போன வாரம் எங்களிடம் வாங்கிய சீஸை, வெள்ளைத் தோல் போர்த்தி உள்ளே வெண்ணெய் மாதிரி இருக்குமே, அதை, பட்டாணி போட்டுக் குழம்பு வைத்திருக்கிறார். இறக்கும்போது பார்த்தால் பட்டாணி மட்டும் இருந்திருக்கிறது. அத்தாட்சிக்குக் குழம்பையே கொண்டு வந்துவிட்டார். நான் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். எதற்காக என்று எனக்கே தெரியவில்லை.

ரஹ்மான் அண்ணன் ஒரு ஸ்பூனால் குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்து, ருசி நன்றாகத்தானே இருக்கிறது என்றார். அந்த அம்மா அசரவில்லை. "ருசி இல்லன்னு நான் சொன்னேனா? இதுல கால்வாசி வெலைக்கு பனீர் விக்குது, அது கரையறதில்ல. இவ்வளவு வெல குடுத்தா இது கரையுதே, அத கேக்கறேன்."

மேசைக்கு அடியில்

சனி மாலை நிகழ்ச்சி, ஞாயிறு காலைச் சந்தை. இரண்டுக்கும் நடுவில் என் பூசை போய்விட்டது. நான்கு ஞாயிறு தொடர்ந்து கோயிலுக்குப் போகவில்லை. ஐந்தாவது ஞாயிறு எங்கள் பங்குச் சாமியாரே பையோடு சந்தைக்குள் வந்தார், அங்கி இல்லாமல், சட்டை பேன்ட்டில். நான் சட்டென்று மேசைக்கு அடியில் குனிந்து காகிதப் பை தேடுகிறவள் ஆனேன். பை மேலே, என் கைக்கு எட்டும் இடத்தில்தான் இருந்தது. ரஹ்மான் அண்ணனுக்கு என் நிலைமை தெரியும். தெரிந்தும் குனிந்து பார்த்து, உன்னைத்தான் கேக்கறாரு என்றார்.

எழுந்து ஸ்தோத்திரம் சொன்னேன். சாமி திட்டவில்லை. ஒரு நீள ரொட்டியை எடுத்து விலைச்சீட்டை இரண்டு முறை படித்தார். "ஆறு மணிப் பூசைக்கு வந்துட்டு இங்க வாம்மா. பிரசங்கத்த நான் சுருக்கிக்கறேன், இந்த ரொட்டி வெலைய நீங்க சுருக்குங்க."

ஆலிவ் மனிதர்

ஒருவர் வாராவாரம் வருவார். பல்குச்சியில் குத்தி வைத்த ஆலிவை ஒன்று எடுப்பார், மெல்லுவார், முகத்தைச் சுளிப்பார், போய்விடுவார். அரை மணி நேரம் கழித்து எதிர்ப்பக்கமாக வந்து இன்னொன்று. எனக்கு அவரைக் கண்டாலே படபடப்பு. கேட்பதா, வேண்டாமா? கேட்டால் மனம் புண்படுமா, கேட்காவிட்டால் மேடம் என்னை ஏமாளி என்று நினைப்பாரா? மூன்று மாதம் யோசித்து, ஒரு நாள், பிடித்திருக்கிறதா சார் என்று கேட்டேவிட்டேன். அவர் கொட்டையைக் கையில் துப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இன்னும் முடிவுக்கு வரல. அடுத்த வாரமும் பாக்கறேன்."

நாவற்பழம்

செர்ரி விஷயத்துக்குப் பிறகு நான் ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தேன். எந்த ஒயின் என் மூக்குக்கு என்னவாகத் தெரிகிறதோ அதை எழுதிக்கொள்வேன். நான் முகர்ந்து பார்க்காத எதையும் யாரிடமும் சொல்லக் கூடாது என்று ஒரு வைராக்கியம். நான்காவது மாதம், பெங்களூரிலிருந்து வந்த ஓர் இளம் ஜோடியிடம் தைரியமாக ஆரம்பித்தேன். நாவற்பழம் தின்ற பிறகு நாக்கை இழுத்துப் பிடிக்கும் அல்லவா, அந்த மாதிரி இருக்கும், பின்னாலேயே லேசாக மசாலாப் பட்டை வாசனை வரும் என்றேன். அந்தப் பையன் ஒரு வாய் குடித்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினான். பெண் அட்டையை எடுத்துப் பார்த்தாள். இதில் நாவற்பழம் இல்லையே, பாட்டில் மாறிப்போச்சா என்று உரக்கவே கேட்டாள்.

எல்லோரும் அட்டையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். மேடம் வந்து சிரித்துச் சமாளித்தார். நிகழ்ச்சி முடிந்து நான் கிளாஸ்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "அட்டைல இருக்கறத மட்டும் சொல்லு, ஜெசி. நீ என்ன நெனைக்கறேன்னு கேக்க யாரும் டிக்கெட் வாங்கல."

மழை பெய்த காடு

அலமாரிக் கதவில் மேடம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்: முகர்ந்து பார்த்து ஊற்றவும். எப்போதாவது பாட்டிலின் தக்கையில் பூஞ்சை பிடித்து ஒயின் கெட்டிருக்கும். குடித்தால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது, ருசி மட்டும் செத்துப்போகும். அதனால் திறந்ததும் ஒரு ஸ்பூன் அளவு ஊற்றி முகர வேண்டும். என் ஆறு மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை அது. மேடத்துக்குக் கடும் ஜலதோஷம், எதுவும் மணக்கவில்லை என்றார். மேசையில் பன்னிரண்டு பேர். ஒரு கம்பெனி மேலாளரும் அவருடைய ஆட்களும் பத்துப் பேர். ஒரு டீச்சர். கடைசியாக, மேடத்துக்குச் சொந்தக்காரரான சொல்தா மாமா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவரை இந்த ஊரில் சொல்தா என்போம். அவருக்கு மட்டும் டிக்கெட் கிடையாது. மூன்றாவது ஒயினில் முதல் பாட்டிலைத் திறந்து முகர்ந்தேன். மழையில் நனைந்து காயாத அட்டைப்பெட்டி வாசனை. ஏதோ சரியில்லை என்று தோன்றியது. ஆனால் அச்சடித்த அட்டையில் ஈர மண், காளான் என்று இருந்தது. ஒருவேளை இதுதான் அதுவோ? நாவற்பழத்துக்கு வாங்கிக் கட்டிக்கொண்டது போதாதா? சொல்தா மாமாவிலிருந்து ஆரம்பித்து ஊற்றிக்கொண்டே போனேன்.

மேலாளர் ஒரு வாய் குடித்ததும் கையை உயர்த்தி எல்லோரையும் அமைதியாக்கினார். இதுதான் காடு, மழை பெய்த காடு, கண்ணை மூடிக் குடியுங்கள் என்றார். அவருடைய ஆட்கள் கண்ணை மூடிக் குடித்துத் தலையாட்டினார்கள். பத்தாவது கிளாஸோடு பாட்டில் காலி. மீதி இரண்டு பேருக்காக அதே ஒயினில் இன்னொரு பாட்டிலைத் திறந்து முகர்ந்தேன். கையில் பழம் நசுங்கிய மாதிரி அவ்வளவு புத்தம்புது வாசனை. அட்டைப்பெட்டி எங்குமே இல்லை. பேசாமல் ஊற்றியிருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை, நாளைக்கு நான் நிரந்தரம். பாட்டிலைப் பிடித்தபடி ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றேன். ஊற்றவில்லையா என்று டீச்சர் கேட்டார்.

முதல் பாட்டில் கெட்டுப்போனது என்று சொல்லிவிட்டேன். முகர்ந்தபோதே சந்தேகம் இருந்தது, இருந்தும் ஊற்றிவிட்டேன், தப்பு என்னுடையது என்பதையும் சொன்னேன். மேடம் புதுக் கிளாஸ்களை எடுத்து வைத்தார். நான் இரண்டாவது பாட்டிலிலிருந்து எல்லோருக்கும் அளவைக் கொஞ்சம் குறைத்து ஊற்றினேன். ஒவ்வொருவராகப் பழைய கிளாஸைத் தள்ளி வைத்தார்கள், மேலாளரின் முகத்தைப் பார்க்காமல். அவர் மட்டும் இரண்டையும் மாற்றி மாற்றிக் குடித்தார். பிறகு காடு இருந்த கிளாஸையே கிட்டத்தில் இழுத்துக்கொண்டார். "எனக்கு என்னமோ முதல் கிளாஸ்தான் பிடிச்சிருக்கு."

வாசலில்

எல்லோரும் போனபின் சொல்தா மாமா மட்டும் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அவருடைய முதல் கிளாஸ் தொட்டும் தொடாமலும் ஊற்றியபடியே மேசையில் இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அவருக்குத் தெரிந்திருந்தால் ஏன் சொல்லவில்லை? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் இத்தனை பேர் முன்னால் நிற்க வேண்டியிருந்திருக்காதே என்று கொஞ்சம் ஆற்றாமையோடுதான் கேட்டேன். செருப்புக்குள் காலை நுழைத்தபடி நிதானமாகப் பதில் சொன்னார்: "மொத வாய்லயே தெரிஞ்சுதும்மா. ஓசில குடிக்கறவன் குத்தம் சொல்லலாமா?"

ஞாயிற்றுக்கிழமை

மறுநாள் ஆறு மணிப் பூசைக்குப் போனேன். பிரசங்கம் சுருக்கமாக இருந்ததா என்று கேட்காதீர்கள், காதில் விழவே இல்லை. சந்தையில் விலைச்சீட்டுகளை அடுக்கினேன், கலைத்தேன், மறுபடி அடுக்கினேன். ரஹ்மான் அண்ணன் என் கையிலிருந்து அவற்றைப் பிடுங்கிக்கொண்டு, போய் உட்காரு என்றார். உட்காரவும் முடியவில்லை. அம்மா இனி கோயிலில் யார் யாரிடம் என்னவென்று திருத்திச் சொல்வார் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மேடம் பத்து மணிக்கு மூக்கில் கைக்குட்டையோடு வந்தார். என்னைப் பார்க்காமல் ரொட்டிக் கூடைகளைச் சரிசெய்தார். அந்த வாசனை எப்படி இருந்தது என்று கேட்டார். நனைந்த அட்டைப்பெட்டி என்றேன். சரியாகத்தான் பிடித்திருக்கிறாய் என்பது போலத் தலையசைத்தார். எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அவர் முடிக்கவில்லை. "சொன்னதுக்காக வேலைல வச்சிக்கறேன். ஊத்தினதுக்காக இன்னும் மூணு மாசம் பாக்கறேன்."

மூக்குக்குத் தெரிந்தது வாய்க்கு வந்து சேர்வதற்குள் பத்துப் பேர் குடித்து முடித்துவிடுவார்கள் என்பதுதான், ஆறு மாதம் பாட்டிலும் கையுமாக நின்று நான் கண்ட ஒரே தொழில் நுட்பம்.